பூனை சொன்னதும் கணினி கேட்டதும்

எல்லாமே வாய் திறந்து பேசிய ஒரு காலத்திலே, ஒரு தாய்ப்பூனை இருந்ததாம். அது ஈன்ற நாலு குட்டிகளில் மூன்றை யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். யாரிடமாவது சொல்லி அழுதால் தேவலை என்றிருந்தது பூனைக்கு. எதைக் கொடுத்தாலும் கணினி பதில் சொல்லும் என்று கேள்விப்பட்டு, மிஞ்சிய குட்டியோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்தது.

“நாலு பெத்தேன் அண்ணே. மூணைக் கொண்டுபோயிட்டாங்க.”

“ஒன்று,” என்றது கணினி.

“என்ன ஒன்று?”

“மிச்சம். நாலில் மூன்று போனால் ஒன்று.”

பூனை குட்டியைப் பார்த்தது. விடை சரிதான். “நான் கணக்கு கேக்க வரலைண்ணே,” என்றது. அதற்குமேல் சொல் வராமல் நீளமாக ஒரு குரல் கொடுத்தது.

“இதில் எண்ணே இல்லையே. இதை வைத்து நான் என்ன செய்ய?” கணினி மெய்யாகவே புரியாமல் கேட்டது.

சுவரிலிருந்த பல்லி “ச்சு, ச்சு” என்றது.

பூனைக்குக் கண் கலங்கியது. “நீயாவது கேட்டியே, தாயி.”

“பூச்சியைக் கண்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்,” என்றது பல்லி. “எதைக் கண்டாலும் எனக்குத் தானா வர்றது இந்த ஒரு சத்தம்தான். உனக்கு வேணுங்கற மாதிரி வச்சுக்கோ.”

பூனை அப்படியே வைத்துக்கொண்டது. பிறகு குட்டியைக் கவ்வி, இனிப் பேச வாய் ஒழியாமல், வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் இறங்கி நடந்தது.