பைக்குள் இருந்த கை

பந்து மட்டையில் உரசியது அவருக்குக் கேட்டது.

நன்றாகவே கேட்டது.

மென்பந்து பட்டால் பெரிய சத்தம் வராது. பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். காது மந்தம் என்று சாட்டுச் சொல்ல அவருக்கு வயதும் போதாது. நாற்பத்தொன்றுதான்.

கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டான். பந்து போட்ட மரியதாஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்தினான்.

அவர்தான் நடுவர். அதோடு, மட்டை பிடிக்கிற அணியின் ஆளும் அவர்தான்.

இந்த விளையாட்டு வெளியில் அப்படித்தான் வழக்கம். மட்டை பிடிக்கிற பக்கமே நடுவரையும் கொடுக்கவேண்டும். வேறு ஆளுக்கு எங்கே போவது? இதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் வாய்த்தர்க்கம் வரும். அவர் நின்றால் மட்டும் வராது. போன வருடம் சொந்தத் தம்பிக்கே அவுட் என்று விரலைத் தூக்கியவர். தம்பி ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

இன்றைக்கும் எதிரணிதான் அவரைக் கேட்டு வாங்கியது. அண்ணை நின்றால் சண்டையில்லை என்று மரியதாஸ்தான் சொன்னானாம்.

கடைசி விக்கெட். வெல்ல இரண்டு ஓட்டம். அவருடைய அணி கிண்ணத்தைத் தொட்டுப் பதினொரு வருடம்.

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் கடல்நீரேரி இந்த வெளிக்குள் ஏறிவிடும். இனி மாசியில்தான் நிலம் காயும். திருப்பி ஆடுகிற பேச்சுக்கே இடமில்லை.

அவருடைய வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. பந்தை எண்ண ஆறு சிப்பி வைத்திருந்தார். ஒரு பந்துக்கு ஒரு சிப்பி, வலது பையிலிருந்து இடது பைக்கு. இந்தப் பந்துக்கான சிப்பி விரலுக்குள் இருந்தது.

கையை வெளியே எடுக்கவேண்டும். விரலைத் தூக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

கை வரவில்லை.

தலை மட்டும் இல்லையென்று ஆடியது.

மரியதாஸ் தொண்டை கிழிய இன்னொருமுறை கேட்டான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தான். சண்டைக்குக் கிளம்பிய தன் ஆட்களையும் அவனே மறித்துக் கூட்டிப்போனான்.

நாலு தூஷணம் சொல்லியிருந்தால் அவருக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அடுத்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது.

அணிப் பொடியள் அவரையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிண்ணத்தைக் கையில் திணித்தார்கள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார். அந்தச் சிரிப்பு தன் முகத்தில் இருப்பதே அவருக்குக் கூசியது. மட்டை பிடித்த கோகுலன் மட்டும் அவர் பக்கம் திரும்பவேயில்லை. அவனுக்கும் கேட்டிருக்கும்தானே.

அப்போதுதான் மழை விழுந்தது.

கால் மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவர் வானத்தோடு கோபித்துக்கொண்டார். தான் செய்ததற்கு மழையைப் பிடித்துத் திட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

எல்லோரும் உழவு மெசினில் ஏறிக் கூவிக்கொண்டு போனார்கள். விக்கெட் தடிகளைப் பிடுங்குகிற சாட்டில் அவர் பின்தங்கினார். தடிகளை இடது கக்கத்துக்குள் வைத்தார். வலது கை மறுபடியும் பைக்குள் போயிருந்தது.

குடையோடு ஒருவன் வந்தான்.

மரியதாஸ்.

குடையை அவர் தலைக்கு மேலே பிடித்தான். தன் தோள் நனைவதை அவன் கவனிக்கவில்லை.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் இல்லையெண்டு தலையாட்டின பிறகும் நான் திரும்பக் கேட்டிருக்கக்கூடாது. என்ரை காதிலைதான் பிழை."

பரவாயில்லை என்று ஒரு சொல் போதும். அவன் நிம்மதியாகப் போய்விடுவான். கிண்ணம் அலுமாரிக்குப் போய்விடும். அந்தச் சொல் அவருடைய வாய்வரை வந்தும் விட்டது.

அதை விழுங்கினார்.

கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். சிப்பி கீழே விழுந்தது. சுட்டுவிரலை மெல்லத் தூக்கினார்.

நெஞ்சுக்கு மேலே அது ஏறவில்லை. ஆனாலும் கிரிக்கெட் ஆடுகிற எவனுக்கும் விளங்கும்.

மரியதாஸ் விரலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.



குடைப்பிடியை அந்தக் கைக்குள்ளேயே வைத்தான். தூக்கிய விரலையும் பிடியோடு சேர்த்து மடக்கிவிட்டான். பிறகு மழைக்குள் இறங்கி நடந்தான்.

வெளிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

குடைக்குள் அவர்மேல் ஒரு துளியும் விழவில்லை.