பன்னிரண்டாவது ஃபெயில்

"ஃபெயில்."

ஏரிக்கரை ஆபீஸில் படகு லைசென்ஸ் பரீட்சை அதிகாரி தாளில் கிறுக்கிவிட்டுப் பேனாவை மூடினார். பன்னிரண்டாவது சனிக்கிழமை. பன்னிரண்டாவது ஃபெயில்.

அப்பா எதுவுமே நடக்காத மாதிரி லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வெளியே போய்விட்டார். மகளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? வாரம் முழுக்க வேலையில் மாரடித்துவிட்டு, கிடைக்கிற ஒரே லீவு நாளிலும் அவரைக் கூட்டிவந்து கரை பெஞ்சில் தேவுடு காக்கிறாள். லைசென்ஸ் வரும்வரை அதிகாரியும் கூடவே படகில் உட்காரணுமாம். அது வந்து தொலைத்தால் அப்பா பாட்டுக்குத் தனியாகப் போய் வருவார். இவளும் ஒரு சனிக்கிழமையாவது அக்கடாவென்று படுப்பாள்.

"சார், பொழுதுபோக்காத் துடுப்புப் போடறதுக்கு லைசென்ஸ்ங்கறதே கூத்து. நாளைக்கு நடக்கறதுக்கும் கேப்பீங்க போல!"

"புதுச் சட்டம்மா. நான் போட்டதில்லை."

"எங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் அவங்களை முன்சீட்டுல உட்கார வச்சு நாற்பது வருஷம் இதே ஏரியில ஓட்டினவர் சார் அவர். இன்னிக்கு என்ன தப்பு பண்ணிட்டார்?"

"திரும்பறப்ப படகு கொஞ்சம் ஆடிச்சு."

"எங்கே ஆடிச்சு? நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"

வீட்டிலேயே எழுதி வைத்திருந்த புகார்க் கடிதத்தை மேசையில் போட்டாள். "மேலிடத்துக்கு அனுப்பப் போறேன்."

அதிகாரி பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எனக்கும் சனிக்கிழமை லீவுதாம்மா. முட்டிவலி வேற."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

அவர் டிராயரைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். அப்பாவின் போட்டோ, கையெழுத்து, முத்திரை. முதல் சனிக்கிழமையின் தேதி.

"முதல் தடவையே பாஸ்ம்மா. கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன்னுட்டார். 'இது இருந்தா என்னைத் தனியா அனுப்பிடுவாங்க சார். சம்சாரம் இல்லாத படகுல தனியாப் போனா, கரைக்குத் திரும்பி வரணும்னே தோணாது'ன்னார்."

அவள் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா ஜாக்கெட்டை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எப்போது இவ்வளவு மெலிந்தார்?

அதிகாரி அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே கொடுங்க. ஆனா அடுத்த வாரம் முன்சீட்டுல நீங்க உட்காரணும். அதுக்கு லைசென்ஸ் தேவையில்லைம்மா."