வேல்ஸில் வைத்த நண்டுக்கறி

அண்ணன் றெமிஜியஸின் குடும்பமும் லண்டன் சொந்தக்காரரும் வேல்ஸ் நாட்டுக் கிராமமொன்றில் விடுமுறை வீடெடுத்து, ஒரு கிழமை கும்மாளமாய் இருந்துவிட்டு வந்தார்கள். எல்லை தாண்டப் பேப்பர் இல்லாத மேரிறோஸ் அந்தக் கிழமை முழுக்க பாரிஸ் லா சப்பலில் அண்ணனின் மரக்கறிக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்ததும் வராததுமாக அண்ணி தர்மிளா கடைக்குள் நுழைந்தாள்.

"நண்டுக்கறிக்கு உப்பைக் கொட்டிப்போட்டாய், பிள்ளை."

"நான் இஞ்சையெல்லோ நிண்டனான், அண்ணி."

"பகிடி விடாதை. சாப்பிட வா எண்டு எத்தினைதரம் கூப்பிட்டனாங்கள்? சட்டி கழுவிப்போட்டு வாறன் எண்டு குசினிக்குள்ளையே நிண்டிட்டாய்."

"ஓம், படம் எடுக்கேக்கையும் நீ வெளியிலை வரேல்லை," என்று அண்ணன் ஃபோனை நீட்டினார்.

புல்வெளியில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், குசினி யன்னலுக்குள், இப்போது கட்டியிருக்கும் அதே பச்சை ஏப்ரனோடு மேரிறோஸ் ஒரு சட்டியின்மேல் குனிந்திருந்தாள். யன்னல் கண்ணாடியில் எதிரிலிருந்த மலை முழுதாக விழுந்திருந்தது.

மேரிறோஸ் படத்தை வெகுநேரம் பார்த்தாள். எவ்வளவு வடிவான மலை. ஒருக்காலாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.