அறுபத்திரண்டு சதவீதம்

காலையிலிருந்து திரையில் அதே எண்தான். 62 சதவீதம். சர்வருக்குப் புது சிஸ்டம் ஏற்றும் வேலை அதற்கு மேல் இம்மியும் நகரவில்லை.

"ஏதோ ஒரு ப்ரோக்ராம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு சார். அது நின்னாத்தான் இது நகரும். நிறுத்தப் போனா பாஸ்வேர்டு கேக்குது," என்றார் புது இன்ஜினியர்.

"யார் போட்டது?"

"போன மாசம் நீங்க வீட்டுக்கு அனுப்பினீங்களே, அந்த மேடம்."

மேனேஜர் நிமிர்ந்தார். ஆபீசில் அவருக்குப் பெயர் 'கடிகாரம்'. மூன்று நாள் லேட் என்றால் வேலை போச்சு என்று சட்டம் போட்டவர். அந்த மேடம் போனதும் அப்படித்தான். ஒரு நாளும் தாமதமாக வராததற்குத் தலைமை அலுவலகம் மேனேஜருக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

"போறப்ப கண்ணி வெச்சிட்டுப் போயிருக்காங்க. கூப்பிடுங்க!"

ஒரு மணி நேரத்தில் அவள் வந்து நின்றாள்.

"சார், என் அனுபவச் சான்றிதழ்... புது கம்பெனியில நாளைக்குள்ள கேக்கறாங்க."

"முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்கம்மா. அப்புறம் சான்றிதழா போலீஸான்னு பார்க்கலாம்."

திரையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"ஐயோ, இதை எடுக்க மறந்தே போயிட்டேன்! எல்லாரும் ரெண்டு நிமிஷம் வெளியே இருங்க சார். நிறுத்திடறேன்."

"ஏன், நாங்க பார்த்தா என்ன?"

"வேண்டாம் சார். சொன்னா கேளுங்க."

"பார்த்தீங்களாய்யா, திருட்டு முழி! எல்லார் முன்னாடியும் திறங்க."

அவள் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். இன்ஜினியர் குனிந்து படித்தார்.

"ஒருத்தரோட வருகையை மட்டும் இது நாள் பூரா கவனிச்சுக்கிட்டே இருக்கு சார். அவர் லேட்டா வந்து விரல் வெச்சா, நேரத்தை ஒன்பது மணின்னு மாத்திடுது."

"அப்படிப் போடு! இந்தம்மா நேரத்தையா?"

"இல்ல சார். இவங்க லேட்டெல்லாம் அப்படியே கிடக்கு."

"அப்ப கூட்டாளி வேற இருக்கானா? இன்னிக்கே அவன் சீட்டையும் கிழிக்கிறேன். அவன் ஊழியர் நம்பரைப் படிங்க, சத்தமா!"

இன்ஜினியர் வாயைத் திறந்தார், மூடினார்.

"என்னய்யா முழிக்கிறீங்க? படிங்க!"

"நூற்றுப் பதினாலு சார். பக்கத்துல ஒரு குறிப்பும் எழுதியிருக்காங்க. 'சாரோட மனைவி ஆஸ்பத்திரியிலேருந்து வீடு திரும்பற வரைக்கும் மட்டும்.'"

மேனேஜரின் கை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டென்று பொத்தியது.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"வீட்ல மேடம் இப்ப நல்லா இருக்காங்கல்ல சார்? அப்ப இதை நிறுத்திடட்டுமா?"