மூன்றாவது இலை

கடல் பொங்கி வந்த அன்று, உப்புவெளி இராசையாவும் புஷ்பவதியும் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அதற்குப் பிறகு இராசையாவின் தலையில் ஒன்றும் ஒழுங்காக நிற்பதில்லை. இந்த வருசத் திவசத்துக்கும் மூன்று இலை போட்டார்.

“உங்களுக்கு விசரே? எங்களுக்கு ரெண்டு பிள்ளையள்தானே! குடும்ப அட்டையிலயும் ரெண்டு பேர்தான்” என்றாள் புஷ்பவதி.

“அட்டை எழுதினவனே பெத்தவன்?”

சோறு கறி படைத்து, கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே இருந்தார்கள். திறந்தபோது இரண்டு இலைகள் வைத்தபடியே இருந்தன. மூன்றாவதில் சோறு இல்லை. பாவற்காய் மட்டும் ஓரத்தில் ஒதுக்கிக் கிடந்தது.

“அவன் எப்பவும் பாவற்காய் தின்னமாட்டான்” என்றாள் புஷ்பவதி.

“ஆர்?”

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

தெரிந்த பெயர்களையெல்லாம் இருவரும் அந்த இலைக்கு முன்னால் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒன்றுக்கும் ‘ஓம்’ என்று பதில் வரவில்லை.