புள்ளிக்கு முன்னால் ஒரு சைபர்

ஜூன் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நர்சிங் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் முடிவுகளை ஒட்டினார்கள். மருந்துக் கணக்குத் தாளில் தேர்ச்சி பெற எழுபத்தைந்து வேண்டும். அவளுக்கு எழுபத்து நான்கு.

மாலையில் அப்பா விடைத்தாளின் நகலைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் குதித்தார்.

"ஒரு சைபர் போடலைன்னு ஒரு மார்க்கைப் பிடுங்குவாங்களா? ஆறு மாசம் வீணாப் போச்சே!"

"புள்ளி அஞ்சுக்கு முன்னால சைபர் போடணும்பா. புள்ளி மங்கலா இருந்தா அஞ்சுன்னு படிச்சு, பத்து மடங்கு மருந்தை ஏத்திடுவாங்க."

"பக்கத்துல நக்கல் வேற! 'நோயாளி பிழைத்தாரா?'ன்னு சிவப்பு மையில எழுதியிருக்காங்க. பேரை மறைச்சு நம்பர் போட்ட பேப்பர்ங்கிற தைரியம். மறுமதிப்பீட்டுக்கு நாளைக்குக் கடைசி நாள். கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன். தப்பு என்னோடது. மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிடுவேன்."

"இதைத் திருத்தின மகராசி யாருன்னு தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்."

"உங்க சட்டைப் பையில இருக்கிற மளிகை லிஸ்ட்டை எடுங்கப்பா. ரெண்டு எழுத்தையும் ஒத்துப் பாருங்க."

அப்பா எடுத்துப் பார்த்தார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"மூணாவது பக்கத்துலேயே நம்ம பொண்ணோட பேப்பர்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள், அந்தப் பள்ளியில் பதினெட்டு வருடமாக மருந்துக் கணக்கு நடத்தும் அம்மா, கையைத் துடைத்தபடி. "ம், கேளுங்க."

அப்பா மளிகை லிஸ்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

டிசம்பரில் அவள் மறுபடி எழுதினாள். வேறொரு ஆசிரியை திருத்தினார். தொண்ணூற்று இரண்டு.