படைக்காத ரொட்டி

கோயில் மடைப்பள்ளியில் பிறந்து வளர்ந்த சுண்டெலி கோமளியை மழைவெள்ளம் ஒருநாள் தெருவில் கொண்டுவந்து தள்ளியது. பசியில் அவளுக்குக் கண் இருண்டது. டீக்கடைப் பெருச்சாளி ஒன்று ரொட்டித் துண்டை அவள் பக்கம் உருட்டிவிட்டது.

சாமிக்குப் படைக்காததைத் தின்றால் வயிறு வெடித்துச் சாவோம் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். ஆனாலும் பசி பொறுக்காமல் தின்றுவிட்டாள். தின்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள்.

"ஏன் பிள்ளே நடுங்குறே?" என்றது பெருச்சாளி.

"இப்ப வெடிச்சிரும்."

நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை.

"வெடிக்கலையே! இனி என்ன பயம்?" என்று பெருச்சாளி சிரித்தது.

கோமளிக்கு நடுக்கம் முன்னைவிடக் கூடியது.

"கோயிலைப் பூட்டியிருந்தப்ப, வெளிச்சோறு வேண்டாம்னு என் தங்கச்சி பட்டினி கிடந்தே செத்துப்போனா. தின்னா வெடிக்காதுன்னு எங்கம்மாகிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்?"